சீட்டுக் குலுக்கித் தைத்த துணி

மொரீஷியஸ் தமிழ் நேயர்களுக்கு வணக்கம். ரோஸ் ஹில்லில் எங்கள் வீட்டுத் தையல் இயந்திரத்தின் அடியில் அம்மா வெட்டிப் போட்ட சதுரத் துண்டுகளோடு விளையாடி வளர்ந்தவன் என்பதால், இன்றைய கணிதச் செய்தியையும் துணியை வைத்தே சொல்கிறேன்.

ஒரு சதுரத் துண்டின் நான்கு விளிம்புகளை, நல்ல பக்கம் வெளியே இருக்கும்படி, இரண்டிரண்டாகச் சேர்த்துத் தைக்க மூன்றே வழிகள் உண்டு. மூலைவிட்டத்தில் மடித்து அடுத்தடுத்த விளிம்புகளைத் தைத்தால் சமோசா போன்ற மூடிய பை கிடைக்கும். இதற்கு இரண்டு வழிகள். எதிரெதிர் விளிம்புகளைத் தைக்கும் மூன்றாம் வழியில் சைக்கிள் டியூப் கிடைக்கும். அதில் நான்கு மூலைகளும் ஒரே புள்ளியில் வந்து கூடிவிடும்.

இப்போது 2,50,000 சதுரங்களை எடுத்து, எந்த விளிம்போடு எந்த விளிம்பு என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்போம். விளிம்புகள் பத்து லட்சம், தையல்கள் ஐந்து லட்சம். ஆனால் மூலைகள் கூடி உண்டாகும் முனைகளோ ஏறத்தாழ 14 தான்! ஒரு மூலையில் தொடங்கித் தையல்களைத் தாண்டித் தாண்டிச் சுற்றினால், தொடங்கிய இடத்துக்கே திரும்பும் வாய்ப்பு ஒவ்வொரு அடியிலும் எஞ்சிய மூலைகளில் ஒன்று என்ற அளவுக்கே இருப்பதால், முனைகளின் எண்ணிக்கை மடக்கை (logarithm) வேகத்தில், அதாவது மிக மெதுவாகத்தான் வளர்கிறது. முனைகள், தையல்கள், துண்டுகள் ஆகியவற்றின் எண்ணிக்கையிலிருந்து துளைகளைக் கணக்கிட உதவும் ஆய்லரின் சூத்திரப்படி, அந்தப் பரப்பில் சைக்கிள் டியூபின் நடுவில் இருப்பது போன்ற துளைகள் சுமார் 1,25,000 இருக்கும்.

சதுரத்துக்குப் பதில் முக்கோணம், அறுகோணம், அல்லது எல்லாம் கலந்த குவியல் என்று எதை எடுத்தாலும், முனைகளும் தையல்களும் சேர்ந்து உருவாகும் கோட்டுரு ஒரே விதிக்குக் கட்டுப்படுகிறது என்பதைப் புட்ஸின்ஸ்கி, கூரியன், பெட்ரி ஆகிய மூன்று கணிதவியலாளர்களும் 2019இல் நிறுவினார்கள். 1 முதல் வரிசையாக எண்ணிட்டு நன்றாகக் குலுக்கிய சீட்டுக்கட்டில், ஒரு சீட்டில் உள்ள எண் காட்டும் இடத்துக்கும் அங்குள்ள சீட்டு காட்டும் அடுத்த இடத்துக்குமாகப் போய்க்கொண்டே இருந்தால் கிடைக்கும் சுற்றுகளின் நீளம் எப்படிப் பங்கிடப்படுமோ, அப்படியே முனைகளிடையே மூலைகள் பங்கிடப்படுகின்றன. சராசரியாக 62 விழுக்காட்டு மூலைகளை ஒரே முனை விழுங்கிவிடும். எந்த முனையிலிருந்தும் வேறெந்த முனைக்கும் மூன்று தையல்களுக்குள் போய்விடலாம் என்பதும் ஏறக்குறைய உறுதி. என்னை வியக்க வைப்பது துளைகளின் எண்ணிக்கை அல்ல, துண்டின் வடிவத்தைக் கோட்டுரு அறவே மறந்துவிடுவதுதான்.

ஒரே ஒரு நிபந்தனை உண்டு: ஒற்றை விளிம்புத் துண்டுகளும் இரண்டே விளிம்புள்ள இலை வடிவத் துண்டுகளும் மிகுந்துவிடக் கூடாது. மிகுந்தால் அவை தங்களுக்குள்ளேயே தைக்கப்பட்டு, பெரிய துணியோடு ஒட்டாத தனிப் பைகளாகக் கழன்று விழும்.