கன்ரீன் அக்காவுக்குத் தெரிந்தது

(மட்டக்களப்பில், புதுமுக மாணவர்களை வரவேற்க ஆயத்தமாகிக்கொண்டிருந்த விரிவுரையாளர்கள், அலுவலக ஊழியர்கள், விடுதிப் பொறுப்பாளர்கள் முன் பேசியது. எழுதும்போது சில இடங்களைச் சுருக்கியிருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம்.

முன் வரிசைகளில் விரிவுரையாளர்கள், பின் வரிசைகளில் ஊழியர்கள். யாரும் சொல்லாமலே அப்படி அமர்ந்துவிட்டீர்கள். காவலாளித் தம்பிமார் இரண்டு பேர் இன்னும் கதவடியில் நிற்கிறார்கள். உள்ளே வந்து இருங்கள் தம்பி. இன்று நான் கதைக்கப் போவது பெரும்பாலும் உங்களைப் பற்றித்தான்.

முதலில் என் பிழை ஒன்றைச் சொல்கிறேன். எந்த இடம், எந்த வருடம் என்பது வேண்டாம். முதலாம் வருட வகுப்பு ஒன்று எனக்கு இருந்தது. மூன்றாம் வரிசை ஓரத்தில் இருக்கிற பையன், வெளி மாவட்டம். ஐந்தாம் கிழமைக்குப் பிறகு அவனைக் காணவில்லை. காணவில்லை என்பதே எனக்குத் தெரியாது என்பதுதான் உண்மை. பருவ முடிவில் வரவுப் பட்டியல் மேசைக்கு வந்தது. எண்பது வீதத்துக்குக் குறைந்தவர்களின் பெயர்களுக்குக் கீழே கையெழுத்து வைத்தேன். அதில் அவன் பெயரும் இருந்தது. பரீட்சைக்குத் தோற்ற முடியாது என்று அவன் வீட்டுக்குக் கடிதம் போனது. அனுமதிக் கடிதத்துக்குப் பிறகு நாங்கள் அந்த வீட்டுக்கு அனுப்பிய முதல் கடிதம் அதுதான். கடைசிக் கடிதமும் அதுதான்.

பிறகு ஒருநாள் கன்ரீனில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, அங்கே வேலை செய்த அக்கா தற்செயலாகக் கேட்டார்: “அந்த ஒல்லிப் பொடியன் திரும்பி வரவே இல்லையா சேர்? பகல்ல சாப்பிட மாட்டான். பின்னேரம் பாணும் பருப்பும் மட்டும். மகாபொல உதவிக்காசு வந்ததும் தாறன் எண்டு கொப்பியில எழுதச் சொன்னான். பிறகு கணக்குக் கூடிப்போச்சு எண்டு வெக்கப்பட்டு இந்தப் பக்கமே வாறதை விட்டுட்டான்.”

அக்காவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பட்டியலில் கையெழுத்து வைத்த எனக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை. அவர் ஏன் முன்னரே சொல்லவில்லை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. யாரிடம் சொல்வது? அவரிடம் யாராவது கேட்டோமா?

முதலாம் வருட மாணவரைப் பற்றி எனக்கு இத்தனை வருடத்தில் விளங்கியது இவ்வளவுதான். பிள்ளை தடுமாறுவதை முதலில் காண்பவர் விரிவுரையாளர் அல்ல. வாயிலில் நிற்பவர், கவுண்டரில் இருப்பவர், விடுதியில் சாவி வைத்திருப்பவர், சோறு போடுபவர் ஆகியோர்தான் காண்கிறார்கள். ஏதாவது செய்யும் அதிகாரம் மட்டும் எங்களிடம் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் வாவி மாதிரி ஒரு நீர்ப்பரப்பு. பாலமும் இல்லை, பாதையும் இல்லை. வெளியூரிலிருந்து வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன், பாதை என்றால் எங்கள் பக்கத்தில் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவை.

வருகிற பிள்ளைகள் யார் என்று கொஞ்சம் பாருங்கள். மண்டூர்ப் பக்கத்துப் பிள்ளை பாதையேறி, குருமண்வெளியில் இறங்கி, பஸ் பிடித்து நகரத்துக்கு வந்து, கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கும் வந்தாறுமூலைக்கு இன்னொரு பஸ் ஏற வேண்டும். எட்டு மணி விரிவுரைக்கு அவள் எத்தனை மணிக்கு எழும்பியிருப்பாள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மறுபக்கம், பேராதனையில் தொடங்கும் ஏ5 பெருந்தெரு நுவரெலியா, பதுளை எல்லாம் கடந்து வந்தாறுமூலைக்குப் பக்கத்துச் செங்கலடியில் வந்துதான் முடிகிறது. அந்தத் தெருவால் மலையகத்துப் பிள்ளைகள் இறங்கி வருகிறார்கள். யாழ்ப்பாணம், மன்னார், குருநாகல், மாத்தறையிலிருந்தும் வருகிறார்கள். தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கும் ஒலுவிலுக்கு வருகிற கூட்டமும் இப்படித்தான். நம்முடைய பெயர்ப்பலகையையே எழுத்துக் கூட்டி வாசிக்கிற சிங்களப் பிள்ளையும் அதே கவுண்டரில்தான் வந்து நிற்கிறாள்.

உயர்தரப் பரீட்சை எழுதி ஒரு வருடத்துக்கு மேல் வீட்டில் காத்திருந்தவர்கள் இவர்கள். சிலர் கடைகளில், தையற் தொழிற்சாலைகளில் வேலை செய்துவிட்டு வருகிறார்கள். புத்தகம் கைவிட்டுப் போயிருக்கும்.

இன்னொன்று, நாம் அவ்வளவாக யோசிக்காதது. பெறுபேறு வந்ததும் ஊர்ச் சந்தியில் இவர்களுக்குப் பெனர் கட்டியிருப்பார்கள். கோயிலடியில் ஒன்று, பாடசாலை மதிலில் ஒன்று. சந்தியில் தன் முகம் இரண்டு முழத்தில் தொங்கும்போது, எந்தப் பிள்ளை வீட்டுக்குப் போய் “அம்மா, எனக்கு ஒன்றும் விளங்குதில்லை” என்று சொல்லும்? நம்மிடமும் சொல்லாது. விரிவுரையாளரோடு கதைக்காதே, நூலகப் பக்கம் போகாதே என்று பகிடிவதை (ராகிங்) செய்யும் மூத்த மாணவர்கள் முதல் கிழமையிலேயே ஓதிவிடுகிறார்கள். 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கி எவ்வளவு காலம் ஆகிவிட்டது. சட்டம் இருக்கிறது என்று பெயர்ப்பலகை வைப்பதோடு நம் வேலை முடிந்துவிடாது. பயந்த பிள்ளை முறைப்பாட்டுப் படிவத்தைத் தேடி வராது. கை நடுங்கத் தண்ணீர்ப் போத்தலைப் பிடித்திருப்பதைக் காவலாளிதான் காண்பார்.

“கதவு திறந்துதானே இருக்கு, கேட்டால் சொல்லுவோம்தானே” என்கிறோம். நானும் முப்பது வருடம் அப்படித்தான் சொன்னேன். என்ன கேட்பது என்றே தெரியாதவரிடம் கேள் என்று சொல்வதில் பயனில்லை.

சரி, என்ன செய்யலாம்?

மூன்றாம் கிழமையில் வரவுப் பட்டியலை எடுங்கள். பதினைந்தாம் கிழமையில் அல்ல. இரண்டு கிழமை தொடர்ந்து வராதவர்களின் பெயரை வட்டமிட்டு ஒரு செய்தி அனுப்புங்கள். “உமது வரவு குறைந்துள்ளது, விளக்கம் தரவும்” என்ற மாதிரி வேண்டாம். அதைப் படித்ததும் பிள்ளை போனை அணைத்துவிடும். நான் பிற்காலத்தில் எழுதியது இப்படி: “மகள், இரண்டு கிழமையாகக் காணவில்லை. சுகமா? வியாழன் இரண்டு மணிக்கு அறையில் இருப்பேன், வாருங்கள்.” எல்லாரும் பதில் போட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். வந்தவர்களில் யாரும் சோம்பலில் நின்றவர்களாக இருக்கவில்லை. ஒருத்திக்கு அம்மா ஆஸ்பத்திரியில், ஒருவனுக்கு வாடகை அறையில் பிரச்சினை, இன்னொருவன் வேறு பாட வகுப்பில் போய் இரண்டு கிழமை இருந்திருக்கிறான். சிரிக்காதீர்கள், உண்மை. பிழையான மண்டபமா என்று கேட்க அவனுக்கு வெட்கம்.

அப்புறம் மொழி. விஞ்ஞானம், விவசாயம், வணிகம் என்று வரும் பிள்ளை உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு இங்கே முதல் நாளே ஆங்கிலத்தில் நனைகிறது. ஒருமுறை பார்த்தேன். பலகையில் ‘ஒஸ்மோசிஸ்’ என்று ஆங்கிலத்தில் எழுதி விளக்கிக்கொண்டிருக்கிறார் விரிவுரையாளர். பின் வரிசையில் ஒரு பிள்ளை எல்லாவற்றையும் படம் வரைவது போல எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதுகிறாள். இடைவேளையில் “இது பிரசாரணம் மகள்” என்றேன். “அதுவா சேர்!” என்றாள். பச்சைமிளகாயைப் போட்டு வைத்துப் பரிசோதனை செய்ததில் இருந்து எல்லாவற்றையும் ஒப்புவித்தாள். அவளுக்குப் பாடம் தெரியும். பாடத்தின் புதுப்பெயர்தான் தெரியாது. முதல் ஆறு கிழமைக்குப் பலகையின் ஓரத்தில் ஆங்கிலச் சொல்லையும் தமிழ்ச் சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். சிங்களப் பிள்ளை ஒருவரைக் கூப்பிட்டு அவர்களுடைய சொல்லையும் எழுதச் சொல்லுங்கள். ஒரு நிமிடம் போகும். இங்கே பக்கத்தில் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1920 இல் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்றவர், கலைச்சொல்லாக்கத்துக்காக உழைத்தவர். அவர் பிறந்த மண்ணில் இருந்துகொண்டு கலைச்சொல்லைத் தரக்குறைவாகப் பார்ப்பது எனக்கு எப்போதும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கும்.

அலுவலகத் தங்கச்சிமாருக்கு ஒன்று. “நாளைக்கு வாங்க” என்பது நமக்கு இரண்டு சொல். அவனுக்கு அது ஒரு விரிவுரை, இரண்டு பஸ் காசு. நாளைக்கு வந்தால் “இது இங்க இல்ல, அடுத்த கட்டடம்” என்பார்கள். வேலைப்பளு எனக்குத் தெரியும். ஒருவர் நான்கு பேரின் வேலையைப் பார்க்கிறீர்கள். நீண்ட விளக்கம் வேண்டாம். ஒரு துண்டுக் கடதாசியில் எந்த அறை, யாரைக் காண வேண்டும், என்ன கொண்டுபோக வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். கடதாசி கையில் இருந்தால் பிள்ளைக்கு அடுத்த கதவைத் தட்டத் துணிவு வரும்.

காசு விஷயத்தைப் பூசி மெழுகாமல் முதல் நாளே சொல்லிவிடுங்கள். மகாபொல 1981 இல் தொடங்கிய நல்ல திட்டம். இந்நாட்டில் எத்தனையோ பேரைப் படிக்க வைத்தது. ஆனால் முதல் தவணை கைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரைக்கும் என்ன செய்வது என்று வீட்டிலேயே திட்டமிடச் சொல்லுங்கள். அந்தப் பையனுக்குப் பிறகு நாங்கள் சில பேர் ஒன்று செய்தோம். மாதம் கொஞ்சம் காசு கன்ரீன் அக்காவிடம் கொடுத்து வைத்தோம். கொப்பியில் கணக்குக் கூடுகிற பிள்ளைக்கு “இது போன மாசம் கழிஞ்சிட்டு மகன்” என்று அவர் சொல்லிவிடுவார். யார் என்று எங்களுக்குச் சொல்ல மாட்டார், நாங்களும் கேட்க மாட்டோம். மூன்று நாள் யாராவது சாப்பிட வராவிட்டால் மட்டும் பெயரைச் சொல்வார். அதுகூட ஒரே ஒரு ஆளிடம், மாணவ ஆலோசகரிடம். இதைக் கவனமாகச் செய்யவேண்டும். பிள்ளையின் வறுமை பணியாளர் அறையில் தேநீர்க் கதையாக மாறினால், செய்யாமலே இருந்திருக்கலாம்.

இது வெளிநாட்டுக்காரரும் பட்டுத் தெளிந்த விஷயம்தான். அமெரிக்காவில் தென் கரோலினாப் பல்கலைக்கழகத்தில் 1970 மே மாதம் மாணவர்கள் நிர்வாகக் கட்டடத்துக்குள் புகுந்துவிட, தலைவர் தோமஸ் ஜோன்ஸ் தன் அறைக்குள்ளேயே அகப்பட்டுக்கொண்டார். மனுஷன் பிறகு பொலிசைப் பற்றி மட்டும் யோசிக்கவில்லை. பிள்ளைகளுக்கு ஏன் இந்த இடத்தின்மேல் இவ்வளவு கோபம் என்றும் யோசித்தார். 1972 இல் முதலாம் வருடத்தவர்களுக்கென்றே ஒரு பாடம் தொடங்கினார்கள். இன்றும் நடக்கிறது. எனக்குப் பிடித்தது, அதைக் கற்பிக்க முன்வருபவர்களுக்கே முதலில் பயிற்சி கொடுத்தார்கள் என்பது. விரிவுரையாளர் மட்டுமல்ல, நிர்வாக ஊழியர்களும் அந்த வகுப்பை எடுக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. நாம் தாய் தகப்பன் அல்ல. இவர்கள் வாக்குப் போடும் வயதுக்காரர். பிள்ளை ஒத்துக்கொள்ளாமல் வீட்டுக்குப் போன் எடுக்கக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் அது வேறு கதை. மனம் உடைந்த பிள்ளைக்கு நாமே வைத்தியம் பார்க்கவும் கூடாது. ஆனால் “ஆலோசகரிடம் போ” என்று விரலைக் காட்டிவிட்டு இருக்காமல், எழும்பி அந்த அறை வரை கூட நடந்து போகலாம். ஐந்து நிமிட நடை. பல பேர் அந்த நடையில்தான் வாயைத் திறந்திருக்கிறார்கள்.

வந்தாறுமூலை என்ற பெயரை வந்து ஆறும் மூலை என்று பிரித்துப் படிக்க எனக்கு ஆசை. ஊர்ப்பெயர் ஆராய்ச்சிக்காரர் என்னோடு சண்டைக்கு வரலாம், பரவாயில்லை. 1981 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாக அங்கே விளக்கேற்றி, 1986 இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமானது. எங்கெங்கோ இருந்து பயணக் களைப்போடு பிள்ளைகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

(பேச்சு முடிந்ததும் கேள்வி கேட்கச் சொன்னார்கள். முன் வரிசையிலிருந்து ஒருவர், முந்நூறு பேர் வகுப்பில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்டார். முந்நூறில் மூன்றாம் கிழமை வட்டமிட வேண்டியவர்கள் பதினைந்து இருபது பேர்தான் இருப்பார்கள் என்றேன். அவர் முகத்தில் முழுத் திருப்தி இல்லை. பிறகு, கதவடியில் நின்ற காவலாளிகளில் மூத்தவர் கை உயர்த்தினார். “இரவு பதினொரு மணிக்கு ஒரு பிள்ளை அழுதுகொண்டு கேற்றடிக்கு வந்தால், நான் யாருக்குப் போன் எடுக்கிறது ஐயா?” மண்டபத்தில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. முன் வரிசைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மூன்றாம் வரிசையில் இருந்த ஒரு விரிவுரையாளர் எழும்பி, பையிலிருந்து பேனையை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்துபோய், அந்தக் காவலாளியின் வரவுப் புத்தகத்தின் உள்மட்டையில் தன் கைத்தொலைபேசி இலக்கத்தை எழுதினார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் போனார்கள்.)