தெருவில் பேச்சு நின்றதற்குச் செல்போன்தான் காரணமா?

சரி, அடுத்த கேள்வி. சென்னைப் புறநகர் குரோம்பேட்டையிலிருந்து ஒருவர், கொஞ்சம் கோபமாகவே எழுதியிருக்கிறார். “தெருவில் மனிதர்கள் பழகாமல் போனதற்குப் போன வீடியோவில் காரையும் பைக்கையும் குறை சொன்னீர்கள். செல்போன் வந்ததால்தானே யாரும் வாசலுக்கு வருவதில்லை? இன்னொன்று, ஜிஎஸ்டி சாலைக்குப் போக எங்கள் தெருவைக் குறுக்குவழியாக்கிவிட்டார்கள். தெருவை அகலப்படுத்தினால் விபத்து குறையும்தானே?”

செல்போனே இல்லாத ஒரு காலத்துக்குப் போய்ப் பார்ப்போம். 1969, சான் பிரான்சிஸ்கோ. டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்று ஒரு நகரமைப்புப் பேராசிரியர். அடுத்தடுத்து இருக்கும் மூன்று தெருக்களை எடுத்துக்கொண்டார். வீடுகள் பார்க்க ஏறக்குறைய ஒரே மாதிரி. ஆனால் ஒன்றில் நாளைக்குச் சுமார் 2,000 வண்டிகள், அடுத்ததில் 8,000, மூன்றாவதில் 16,000. வீடு வீடாகப் போய், இந்தத் தெருவில் உங்களுக்கு நண்பர்கள் எத்தனை பேர், முகம் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார்கள். வண்டி குறைந்த தெருவில் ஆளுக்குச் சராசரியாக 3 நண்பர்கள், தெரிந்தவர்கள் 6.3. நெரிசல் தெருவில் நண்பர்கள் 0.9, தெரிந்தவர்கள் 3.1. அதாவது, ஒரு முழு நண்பர்கூட இல்லை!

எனக்கு இந்த எண்களைவிட முக்கியமாகப் பட்டது வேறு. “உங்கள் இடம் என்று எதை நினைக்கிறீர்கள்?” என்று கேட்டதற்கு, அமைதியான தெருக்காரர்கள் தெரு முழுவதையும் காட்டினார்கள். நெரிசல் தெருவில் இருந்தவர்களுக்கு வீட்டுக் கதவோடு எல்லாம் முடிந்துவிட்டது. நம் மொழியிலேயே இந்த வித்தியாசம் இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? “எங்க தெரு” என்று உரிமையோடு சொல்வோம். “எங்க ரோடு” என்று யாரும் சொல்வதில்லை. “ரோட்டு மேல வீடு” என்றுதான் சொல்வோம். கோலம் தெருவில்தான் விழும். ரோட்டில் போட்டால் எட்டு மணிக்குள் டயர்தடம்தான் மிஞ்சும்.

இதற்கு ஒரு எதிர்வாதம் உண்டு, நியாயமானதுதான். அந்த நெரிசல் தெருவில் வாடகைக்காரர்கள் அதிகம், குழந்தை உள்ள குடும்பங்கள் குறைவு. அதனால்தான் பழக்கம் குறைவு என்று சொல்லலாம். ஆனால், குழந்தை வைத்திருப்பவர்கள் அந்தத் தெருவில் ஏன் தங்கவில்லை? அங்கேதான் விஷயம் இருக்கிறது. செல்போனுக்கு இதில் பங்கே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் திண்ணையில் ஆள் உட்காருவது நின்றபோது நம் ஊரில் செல்போன் வரவில்லை.

உங்கள் தெருவில் புகுந்து போகிறவர்களையும் நான் திட்டப்போவதில்லை. தெற்கே தள்ளி மறைமலைநகரில் வீடு, நகருக்குள் கிண்டியில் வேலை என்றால் பாவம், அவர் என்ன செய்வார்? 2022-இல் சென்னைப் பெருநகரப் பகுதியின் எல்லையே 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிந்தது. ஊர் இப்படி விரிய விரிய, ஒருவருடைய தூரம் இன்னொருவருடைய வாசல் வழியாகத்தான் கழிகிறது.

அப்புறம், அகலப்படுத்துவது. வேண்டாம், தயவுசெய்து கேட்காதீர்கள். நேராக, அகலமாக, தடையில்லாமல் இருக்கும் தெருவில் கால் தானாகவே ஆக்சிலேட்டரை அழுத்தும். பலகையில் 30 என்று எழுதியிருப்பதை யார் பார்க்கிறார்கள்? 

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். 13 மீட்டர் முன்னால், நின்றிருக்கும் காருக்குப் பின்னாலிருந்து பந்தைத் துரத்திக்கொண்டு ஒரு பிள்ளை ஓடி வருகிறது. ஓட்டுநர் பார்த்து, காலைப் பிரேக்கில் வைக்க ஒரு விநாடி ஆகும். 30 கிலோமீட்டர் வேகம் என்றால் அந்த விநாடியில் 8 மீட்டர் ஓடி, இன்னொரு 5 மீட்டரில் வண்டி நிற்கும். பிள்ளைக்கு உரசல்கூட இல்லாமல் போகலாம். 50 கிலோமீட்டர் என்றால் அந்த ஒரு விநாடியிலேயே வண்டி 14 மீட்டர் போய்விடும். பிரேக் பிடிக்கும் முன்பே, அதே 50-இல் இடிக்கும். ஓட்டுநர் திறமைசாலியா இல்லையா என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

நெதர்லாந்தில் 1971-இல் சாலை விபத்துகளில் 3,000 பேருக்கு மேல் செத்தார்கள், அதில் 400-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். பெற்றோர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். குடியிருப்புத் தெருக்களில் மரமும் தொட்டியும் வைத்து, வழியை வளைத்து, கார் நடைவேகத்தில்தான் போக முடியும் என்று செய்தார்கள். 1976-இல் அதற்குச் சட்டமே வந்தது.

உங்கள் தெருவுக்கு அவ்வளவு வேண்டாம். குறுக்குவழியாகிற அந்த ஒரு முனையில், சைக்கிளும் ஆளும் போகிற இடைவெளி விட்டுத் தடுப்புக் கம்பங்கள் நட்டால் பாதிப் பிரச்சினை தீரும். ஆம்புலன்ஸுக்கு மறுமுனை திறந்திருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். குடியிருப்போர் சங்கம் மூலமாக மாநகராட்சியிடம் எழுத்தில் கேளுங்கள். வேகத்தடையும் கேட்கலாம். ஆனால் மிச்சத் தாரை அள்ளிக் கொட்டி மேடு பண்ணுவார்களே, அதை ஒத்துக்கொள்ளாதீர்கள். சாலைகளுக்குத் தரம் வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் அளவு 10 சென்டிமீட்டர் உயரம், வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலம். வெள்ளைப் பட்டையும் அடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் ராத்திரி பைக்கில் வருகிறவர் உங்கள் வாசலிலேயே விழுவார்.