தொழிலாளர் ஆய்வு: பல்கலைக்கழகம் கேட்க வேண்டிய கேள்விகள்

நேயர்களுக்கு வணக்கம். தொழிலாளர் ஆய்வு என்னும் துறையைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். இத்துறையின் பெயரைச் சொன்னதுமே, “மனிதவள மேலாண்மைதானே?” என்று மாணவர்களும் பெற்றோரும் கேட்பதுண்டு. ஓராண்டு முடிவதற்குள் ஆட்கள் வேலையை விட்டுப் போய்விடும் ஒரு பணியிடத்தை எடுத்துக்கொள்வோம். புதிய ஆட்களைச் சேர்த்துப் பழக்குவதற்கு ஆகும் செலவை எப்படிக் குறைப்பது என்று மேலாண்மை மாணவர் கணக்கிடுவார். போனவர்கள் எங்கே போனார்கள், எதைத் தாங்க முடியாமல் போனார்கள், அவர்களுக்குச் சேர வேண்டிய தொகை கைக்கு வந்ததா என்று தொழிலாளர் ஆய்வு மாணவர் தேடிப் போவார். இரண்டு படிப்புகளும் தேவையே. ஆனால் இரண்டாவது வகைக் கேள்விகளைக் கேட்பதற்குப் பல்கலைக்கழகத்தில் தனி இடம் இல்லையென்றால் அவற்றை வேறு யாரும் முறையாகக் கேட்கப்போவதில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

இத்துறை ஒரே அறிவுப்புலத்துக்குள் அடங்குவதில்லை. கூலியைப் புரிந்துகொள்ளப் பொருளியலும், பணிநீக்கத்தைப் புரிந்துகொள்ளச் சட்டமும், தொழிற்சங்கத்தைப் புரிந்துகொள்ள வரலாறும் சமூகவியலும் வேண்டும். இவை புதிய அக்கறைகளும் அல்ல. 1919இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு உருவாகி, நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பைத் தன் முதல் உடன்படிக்கையாக ஏற்றது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் 1945இல் தொழிலாளருக்கும் முதலாளிக்கும் இடையிலான தொழிலுறவுகளுக்கென்றே தனிக் கல்விப் பிரிவைத் தொடங்கியது. 1911இல் நியூயார்க் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் 146 பேரைப் பலிகொண்ட தீ விபத்தை நேரில் கண்டவரும், பின்னாளில் அந்நாட்டின் தொழிலாளர் துறைச் செயலராக 12 ஆண்டுகள் பணியாற்றியவருமான பிரான்சிஸ் பெர்கின்ஸ், தம் இறுதி ஆண்டுகளில் கார்னெலில்தான் கற்பித்தார்.

ஆய்வு எப்படி அமைய வேண்டும் என்பதற்கு நான் முதலில் எடுத்துக்காட்டுவது, ஆஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகிலுள்ள மரியந்தால் என்னும் சிற்றூரில் 1930களின் தொடக்கத்தில் நடந்த ஆய்வைத்தான். ஊரே நம்பியிருந்த நெசவாலை மூடப்பட்ட பிறகு சமூக ஆய்வாளர்களான மாரி யகோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோரின் குழு அங்கே சென்றது. வெறும் பார்வையாளராக எவரும் அந்த ஊரில் இருக்கக்கூடாது, மக்களுக்குப் பயன்படும் ஏதேனும் ஒரு வேலையைச் செய்தபடியே ஆராய வேண்டும் என்று அவர்கள் தங்களுக்குள் விதி வகுத்துக்கொண்டார்கள். துணிகளைத் திரட்டிக் கொடுத்தார்கள். மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்தார்கள். கட்டணம் நீக்கப்பட்டும், படிக்க நேரம் மிகுந்திருந்தும், நூலகத்தில் மக்கள் நூல் எடுப்பது குறைந்துபோயிருந்ததைப் பதிவேடுகளில் கண்டார்கள். தெருவில் நடப்பவர்களின் வேகத்தைக்கூட அளந்தார்கள். வேலையிழந்த ஆண்கள் அடிக்கடி நின்று நின்று மெதுவாக நடந்தார்கள்; பெண்கள் விரைந்து நடந்தார்கள். ஆலையில் சம்பளம் நின்றுபோனாலும், குறைந்த பணத்தில் குடும்பத்தை நடத்தும் வீட்டுவேலை பெண்களுக்கு நிற்கவில்லை.

சம்பளமில்லாத அந்த வேலை புள்ளிவிவரங்களில் முறையான இடம் பெற வெகுகாலம் ஆயிற்று. 2013இல் கூடிய பன்னாட்டுத் தொழிலாளர் புள்ளியியலாளர் மாநாடுதான், ஊதியத்துக்காகவோ இலாபத்துக்காகவோ செய்வதோடு, சொந்தப் பயனுக்காகவும் பிறர் பயனுக்காகவும் சம்பளமின்றிச் செய்வதையும் வேலையின் வரையறைக்குள் தெளிவாகக் கொண்டுவந்தது. வீட்டுப் பணியாளர்களுக்கான பன்னாட்டு உடன்படிக்கையும் 2011இல்தான் ஏற்கப்பட்டது. உலகில் வேலை செய்வோரில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர், ஏறத்தாழ 200 கோடிப் பேர், சட்டப் பாதுகாப்போ சமூகப் பாதுகாப்போ போதுமான அளவு கிடைக்காத முறைசாரா வேலையில் இருப்பதாகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2018இல் மதிப்பிட்டது. தொழிற்சாலைச் சட்டங்களை மட்டும் படித்துப் பட்டம் பெறும் மாணவருக்கு இவர்களுடைய பணிவாழ்க்கை தெரியாமலே போய்விடும்.

ஆகவே களப்பணி இல்லாத தொழிலாளர் ஆய்வுப் படிப்பை முழுமையானதாக என்னால் ஏற்க முடியவில்லை. “நாளுக்கு எத்தனை மணி நேரம் வேலை?” என்ற எளிய கேள்விகூடக் களத்தில் எளிதாக இருப்பதில்லை. மூன்று வீடுகளில் வேலை செய்யும் பெண் ஒரு வீட்டிலிருந்து மற்றொரு வீட்டுக்கு நடக்கும் நேரமும், செயலி வழியாக உணவு கொண்டு சேர்ப்பவர் அடுத்த அழைப்புக்காகக் காத்திருக்கும் நேரமும் எந்தக் கணக்கில் சேரும்? துண்டுக்கூலிக்கு வேலை செய்பவருக்கு நூல் அறுந்தாலோ மின்சாரம் நின்றாலோ ஏற்படும் இழப்பு யாருடையது? இவற்றை வகுப்பறையில் ஊகிக்க முடியாது; பல முறை சென்று, பொறுமையாகக் கேட்டு, கூலிச்சீட்டையும் பிடித்தங்களையும் வரி வரியாகப் படித்துத்தான் அறிய வேண்டும்.

அப்படித் தகவல் தந்தவர்களின் பெயர் வெளியே தெரிந்தால் அவர்கள் வேலை இழக்கக்கூடும். ஆதலால் அவர்களுடைய அடையாளத்தைக் காப்பது களத்துக்குப் போகுமுன்பே மாணவர் கற்க வேண்டிய பாடம். ஆய்வேட்டைத் துறையில் ஒப்படைப்பதோடு நிறுத்திவிடாமல், கண்டறிந்தவற்றை எளிய மொழியில் அவர்களிடமே எடுத்துச் சொல்லி, அவர்கள் சொல்லும் திருத்தங்களைக் கேட்டுச் சேர்ப்பதையும் மதிப்பெண்ணுக்குரிய பகுதியாகப் பாடத்திட்டம் வகுப்போர் ஆக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.