சத்தம் வராத செல்கள்

(உலகக் கல்லீரல் அழற்சி நாளையொட்டித் தருமபுரியில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும், பின்வரிசையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் நர்சிங் மாணவிகளுக்கும் வணக்கம்.

மஞ்சள் காமாலை என்றால் நம் பக்கத்தில் முதலில் கண்ணைப் பார்ப்போம். அப்புறம் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்போம். நான் பேச வந்திருப்பது, கண் மஞ்சளாகாமலேயே இருபது, முப்பது வருடம் கல்லீரலில் தங்கிவிடும் இரண்டு வைரஸ்களைப் பற்றி. கல்லீரல் அழற்சி தரும் ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2022 கணக்குப்படி பி வைரஸோடு 25.4 கோடிப் பேரும், சி வைரஸோடு 5 கோடிப் பேரும் வாழ்கிறார்கள். பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது.

வைரஸ் நுழைந்தால், வெள்ளை அணுக்கள் வந்து சேருவதற்கு முன்பே, ஒவ்வொரு செல்லும் தன்னைத் தானே காத்துக்கொள்ளப் பார்க்கும். ரிக்-ஐ என்ற புரதம் வைரஸின் மரபுப் பொருளான அந்நிய ஆர்.என்.ஏ.வை அடையாளம் கண்டு, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் மேல் இருக்கும் மேவ்ஸ் என்ற புரதத்துக்குத் தெரிவிக்கும். செய்தி உட்கருவுக்குப் போகும். உடனே செல் இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதத்தைச் சுரந்து, பக்கத்துச் செல்களையும் உஷார்ப்படுத்தும். பாலக்கோடு, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகிக் காட்டில் பரண் போட்டு யானைக்குக் காவல் இருப்பவர்களை நினைத்துப் பாருங்கள். ஒருவர் குரல் கொடுத்தால் அடுத்த பரண் விழித்துக்கொள்ளும், பட்டாசு வெடிக்கும், ஊரே எழுந்துவிடும்.

சி வைரஸ் அந்தக் குரலை அடைத்துவிடுகிறது. அதன் புரதங்கள் எல்லாம் ஒரே நீளச் சங்கிலியாகத்தான் உருவாகின்றன. அதைத் துண்டு போட என்.எஸ்.3/4ஏ என்ற நொதி வைத்திருக்கிறது. அதே நொதி மேவ்ஸையும் அது ஒட்டியிருக்கும் இடத்திலிருந்து வெட்டிவிடுகிறது என்று 2005-இல் தெரியவந்தது. வெட்டுப்பட்ட மேவ்ஸால் செய்தியைக் கடத்த முடியாது. செல் சாகவில்லை, வைரஸைக் கண்டும்கொண்டது. ஆனால் தகவல் அதற்கு மேல் போகவில்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அந்த நொதிதான் வைரஸின் பலவீனமாகவும் ஆனது. அதைத் தடுக்கும் மாத்திரைகள் 2011-இல் வந்தன. வேறு வகை மருந்துகளும் சேர்ந்து, இன்று பெரும்பாலும் 12 வாரச் சிகிச்சையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குச் சி வைரஸ் முழுமையாக நீங்குகிறது. நம் காலத்து மருத்துவத்தின் மிகப் பெரிய வெற்றிகளில் இது ஒன்று என்றே சொல்வேன். தடுப்பூசி மட்டும் சி-க்கு இன்னும் இல்லை.

பி வைரஸ் வேறு மாதிரி. அது காவலின் கண்ணிலேயே சரியாகப் படுவதில்லை. தன் டி.என்.ஏ.வை மூடிய புரத உறைக்குள் வைத்தே தயாரிக்கிறது. உட்கருவுக்குள் போனதும் அந்த டி.என்.ஏ. ஒரு வளையமாக மாறித் தங்கிவிடும். அங்கேயும் செல்லுக்கு ஒரு காவல் இருக்கிறது. எஸ்.எம்.சி.5/6 என்ற புரதக் கூட்டு, வளையத்தைப் பற்றிக்கொண்டு அதை இயங்கவிடாமல் செய்யும். வைரஸின் எக்ஸ் புரதம், செல் தன் கழிவுப் புரதங்களை அழிக்க வைத்திருக்கும் ஏற்பாட்டையே பிடித்து, அந்தக் கூட்டை அழிக்க வைக்கிறது. 2016-இல் கண்டுபிடித்தார்கள். செல்லின் கையாலேயே அதன் காவலை ஒழிப்பது!

பி-க்கான மாத்திரை வைரஸைப் பெருகவிடாமல் அடக்கி வைக்கும். வளையம் உள்ளேயே இருப்பதால், நாமாக மாத்திரையை நிறுத்தினால் திரும்பக் கிளம்பிவிடும். கீழாநெல்லி பற்றிக் கேட்பீர்கள். சென்னை ஆய்வாளர்கள் 1988-இல் லான்செட் மருத்துவ இதழில் நம்பிக்கை தரும் முடிவை வெளியிட்டார்கள். பிறகு வேறு இடங்களில் நடந்த சோதனைகளில் அது உறுதிப்படவில்லை. அதை நம்பி மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

பெரியவர்களுக்குப் பி தொற்றினால் பெரும்பாலும் உடலே விரட்டிவிடும். பிறந்த குழந்தைக்குத் தொற்றினால் பத்தில் ஒன்பது பேருக்கு அது நிலைத்துவிடுகிறது. பி தடுப்பூசியின் முதல் ஊசியை 24 மணி நேரத்துக்குள் போடச் சொல்வது அதனால்தான். ஊசியால் உருவாகும் எதிர்ப்பொருள், வைரஸ் கல்லீரல் செல்லுக்குள் நுழையும் முன்பே ரத்தத்தில் அதைப் பிடித்துவிடும்.

கர்ப்பிணிகள் ரத்தப் பரிசோதனையில் பி வைரஸையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். 2018-இல் தொடங்கிய தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் சோதனையும் மருந்தும் இலவசம். தாய்க்குப் பி இருந்தால், குழந்தைக்குத் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற தயார்நிலை எதிர்ப்பொருள் ஊசியும் பிறந்தவுடன் போட வேண்டும். அதற்குப் பிறகு அந்தத் தாய் தயங்காமல் பால் கொடுக்கலாம்; பாட்டிமார்கள் தடுக்க வேண்டாம்.