வறுமை காத்த வீடு

நண்பர்களே, இங்கிலாந்தில் செஷயர் மாவட்டத்தில், காங்கிள்டன் ஊருக்குப் பக்கத்தில், அகழி சூழ ஒரு மரவீடு நிற்கிறது. லிட்டில் மார்ட்டன் ஹால் என்று பெயர். அதன் படத்தைப் பார்க்கிற யாருக்கும் முதலில் எழும் கேள்வி, இது எப்படி இன்னும் விழாமல் இருக்கிறது என்பதுதான். சுவர்கள் பிதுங்கி நிற்கின்றன. தரை ஏறி இறங்குகிறது.

1504 வாக்கில் மார்ட்டன் குடும்பத்தார் கட்டத் தொடங்கி, ஏறத்தாழ நூறு ஆண்டுகள் சேர்த்துக்கொண்டே போனார்கள். இங்கே பாரத்தைச் சுமப்பது ஓக் மரச் சட்டங்கள். ஒரு கட்டையில் துளை, மற்றதில் அந்தத் துளைக்குள் நுழையும் முனையான கழுந்து, இரண்டையும் பிணைக்க மர முளை. இடைவெளியில் குச்சிகளைப் பின்னிக் களிமண் பூசினார்கள். அக்காலத் தச்சர்கள் ஓக்கைப் பச்சையாகவே இழைப்பார்கள். அது காயக் காய முறுக்கும், மூட்டும் இறுகும்.

கோணலுக்குப் பெரிய காரணம் வேறு. 1560களில் தெற்குப் பகுதியின் உச்சியில் சுமார் 21 மீட்டர் நீள நெடுங்கூடம் ஒன்றை ஏற்றினார்கள். மழைநாளில் உலாவவும் விளையாடவும் அந்த இடம். மரப்பலகைகளுக்குப் பின்னால் பழைய டென்னிஸ் பந்துகள்கூடக் கிடைத்திருக்கின்றன. அதன் கூரையோ கனத்த கல் பலகைகள். கூடம் பாதியில் எழுந்த யோசனை என்கிறார்கள். கீழே இருந்த சட்டங்கள் அந்தப் பாரத்தில் வளைந்தன, ஆனால் முறியவில்லை. கழுந்து மூட்டு கொஞ்சம் அசைந்து கொடுக்கும் என்பதுதான் இந்த முறையின் பலம். எனக்கு இதில் மிகவும் பிடித்தது, முற்றத்துச் சன்னல்களில் 1559இல் ரிச்சர்ட் டேல் என்ற தச்சர், கடவுள் அருளால் தான் செய்ததாகத் தன் பெயரையே செதுக்கி வைத்திருப்பது. வீட்டுக்காரர் அதை அனுமதித்திருக்கிறார்!

சரி, இவ்வளவும் மாறாமல் எப்படி மிஞ்சியது? 1640களில் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் மார்ட்டன்கள் மன்னர் பக்கம் நின்றார்கள். 1643இல் நாடாளுமன்றத் தரப்பு வீட்டைப் பிடித்துப் படைவீரர்களைத் தங்கவைத்தது. அப்புறம் வீடு திரும்பியது, கடனும் கூடவே வந்தது. பின்னாளில் விவசாயிகளுக்கு வாடகைக்கு விட்டார்கள். வழிபாட்டு அறையில் கரி கொட்டி வைத்த காலமும் உண்டு. வசதியுள்ள பல குடும்பங்கள் பழைய மரவீட்டை இடித்துச் செங்கல்லில் புதிதாகக் கட்டிக்கொண்டன. இவர்களுக்கு அதற்குப் பணமில்லை. இந்த வீட்டைக் காப்பாற்றியது அந்த வறுமைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எலிசபெத் மார்ட்டன் நெடுங்கூடத்துக்கு எஃகுக் கம்பிகள் போட்டுப் பலப்படுத்தினார். 1938இல் வீடு, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்டிடம் போனது. 1976இல் சுவரை மூடியிருந்த மரப்பலகைகளை அகற்றியபோது, பின்னால் டியூடர் மன்னர்கள் ஆண்ட 16ஆம் நூற்றாண்டின் சுவரோவியங்கள் வெளிப்பட்டன.