அடிப்பவனா, தடுப்பவனா? அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் கோப்பை யாருடைய கையில்?

[திரையில் இரண்டு எண்கள் மட்டும்: 48.4, 48.4]

ஒரே எண், இரண்டு அணிகள். 2018-இல் ஓக்லஹோமா பல்கலைக்கழக அணி ஆட்டத்துக்குச் சராசரியாக 48.4 புள்ளிகள் குவித்தது. அடுத்த ஆண்டு லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம், சுருக்கமாக எல்எஸ்யூ, அதுவும் 48.4. தசமம்கூட மாறவில்லை. ஆனால் எல்எஸ்யூ 15 ஆட்டங்களையும் ஜெயித்துத் தேசியச் சாம்பியன் ஆனது. ஓக்லஹோமா அரையிறுதியிலேயே மூட்டை கட்டியது. அடிப்பதில் இரண்டும் ஒன்றுதான் என்றால் வித்தியாசம் எங்கே வந்தது?

வணக்கம் மக்களே. விதிகளை அரை நிமிடத்தில் முடித்துவிடுகிறேன், தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கன் ஃபுட்பாலில் பந்து கையில் இருக்கும்போது ஒரு 11 பேர் ஆடுவார்கள், அது அஃபென்ஸ். பந்து எதிரியிடம் போனதும் அவர்கள் வெளியே வந்து வேறு 11 பேர் இறங்குவார்கள், அது டிஃபென்ஸ். நான்கு முயற்சியில் 10 யார்டு முன்னேறினால் பந்து உங்களிடமே இருக்கும். கோட்டைத் தாண்டினால் டச்டவுன், 6 புள்ளி. கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஃபீல்ட் கோல், 3 புள்ளி. மொத்தம் 60 நிமிட ஆட்டம். போதும், வாருங்கள்.

இந்த விளையாட்டில் ஒரு வேதவாக்கு உண்டு: டிக்கெட் விற்பது அஃபென்ஸ், கோப்பை வாங்கித் தருவது டிஃபென்ஸ். அலபாமா பல்கலைக்கழகத்துக்கு ஆறு தேசியப் பட்டங்கள் வாங்கித் தந்த கோச் பால் 'பேர்' பிரையன்ட் சொன்னதாகச் சொல்வார்கள். அதற்குச் சாட்சி வேண்டுமென்றால் எல்லோரும் கைகாட்டுவது 2011 நவம்பர் 5-ஐத்தான்.

அன்று அலபாமாவின் சொந்த ஊரான டஸ்கலூசாவில் முதலிடத்தில் இருந்த எல்எஸ்யூவும் இரண்டாம் இடத்தில் இருந்த அலபாமாவும் மோதின. 'நூற்றாண்டின் ஆட்டம்' என்று விளம்பரம் வேறு. ஸ்கோர்? கூடுதல் நேரம் வரை போய் எல்எஸ்யூவுக்கு 9-6. ஒரு டச்டவுன்கூட இல்லை. அலபாமா உதைத்த ஃபீல்ட் கோல்களில் நான்கு வீணாயின. நான்காவது குவார்ட்டரில் அலபாமா ஒரு தந்திர பாஸ் போட்டது. கோட்டருகே அவர்கள் ஆள் கையில் பந்து வந்தும் விட்டது. எல்எஸ்யூவின் எரிக் ரீட் கூடவே எகிறி, விழுகிற அந்த நொடியில் பந்தைப் பிடுங்கிக்கொண்டார். அதுவும் ஒரு யார்டு கோட்டில்! எனக்கு இது பிடிக்கும். தூங்கிவிட்டேன் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் மேல் கோபமில்லை.

பிறகு அதே இரண்டு அணிகளும் நியூ ஆர்லியன்ஸில் இறுதி ஆட்டத்திலும் மோதின. அலபாமா 21, எல்எஸ்யூ பூஜ்யம். அந்த ஆட்டம் முழுக்க எல்எஸ்யூ நகர்ந்தது மொத்தம் 92 யார்டு. நடுக்கோட்டைத் தாண்டியது ஒரே ஒரு முறை. பிரையன்ட் ஆவி சிரித்திருக்கும்.

சரி, கதை முடிந்ததா? இல்லை. எனக்கு உண்மையிலேயே சுவாரசியமாகப் படுவது ஓக்லஹோமா கதைதான். அங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

2018 ஓக்லஹோமாவின் குவாட்டர்பேக், அதாவது அஃபென்ஸை நடத்தி பந்தை எறிபவர், கைலர் மர்ரி. அந்த ஆண்டின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை அவருக்குத்தான். அடுத்த ஏப்ரலில் தொழில்முறை லீக்கான என்எஃப்எல் அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்டதும் அவரே. ஓடுவார், எறிவார், பிடிக்கப் போனவர்கள் புல்லைப் பிடித்துக்கொண்டு கிடப்பார்கள். ஆனால் அவர் உட்கார்ந்ததும் இறங்கும் டிஃபென்ஸ் இருக்கிறதே, ஐயோ. அக்டோபரில் டெக்சஸ் அணி 48 புள்ளி அடித்து ஜெயித்தது. மறுநாளே அல்ல என்றாலும் கிட்டத்தட்ட உடனே டிஃபென்ஸ் கோச்சை மாற்றினார்கள். மாற்றியும்? ஓக்லஹோமா ஸ்டேட் 47, கான்சஸ் 40, வெஸ்ட் வர்ஜினியா 56. இந்த மூன்றையும் ஓக்லஹோமா ஜெயித்தது என்பதுதான் கொடுமை. 48-47, 55-40, 59-56. வாராவாரம் 50 அடித்தால்தான் பிழைப்பு.

அதற்கும் முன்னால், செப்டம்பர் 22 அன்று, ஆர்மி அணி வந்தது. வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரி அணி. படிப்பு முடிந்ததும் ராணுவத்தில் சேர வேண்டிய பையன்கள். பெரிய பல்கலைக்கழகங்கள் போல நட்சத்திரங்களை வலைபோட்டுப் பிடிக்க இவர்களால் முடியாது. எறிகிற ஆட்டமே கிட்டத்தட்ட கிடையாது. குனிந்துகொண்டு நடுவிலே முட்டினால் மூன்று யார்டு. மறுபடி முட்டு, நான்கு யார்டு. பத்து யார்டு ஆகவில்லையா, நான்காவது முயற்சியிலும் பந்தை எதிரி பக்கம் உதைத்துவிடாமல் முட்டு. கடிகாரம் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

[திரையில் கடிகாரம்: 44:41]

60 நிமிட ஆட்டத்தில் ஆர்மி பந்தை வைத்திருந்த நேரம் 44 நிமிடம் 41 வினாடி! மர்ரிக்கு மிஞ்சியது கால் மணி நேரமும் சில்லறையும். கேரம் ஆடும்போது ஒருத்தன் காய் போட்டுக்கொண்டே இருந்தால் எதிரே இருப்பவன் எத்தனை பெரிய புலியாக இருந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கத்தான் வேண்டும். அதேதான். நாட்டின் மிகப் பயங்கரமான அஃபென்ஸ், பெஞ்சில். 60 நிமிட முடிவில் ஸ்கோர் 21-21. கூடுதல் நேரத்தில்தான் ஓக்லஹோமா 28-21 என்று தப்பியது.

இப்போது சொல்லுங்கள், அன்று மர்ரியைத் தடுத்தது ஆர்மியின் டிஃபென்ஸா, அஃபென்ஸா? என் கணக்குப்படி அஃபென்ஸ். பந்தை விடாமல் வைத்திருப்பதைவிட நல்ல தடுப்பு எது? சாம்பியன்ஷிப் விவாதத்தில் எல்லோரும் இரண்டையும் இரண்டு தனிக் கடை மாதிரி பேசுகிறார்கள். கல்லா ஒன்றுதான்.

அந்த டிசம்பரில் அரையிறுதி. அலபாமா எடுத்த எடுப்பில் 28-0. மர்ரி விடாமல் துரத்தி 34 வரை கொண்டுவந்தார், அலபாமா 45-இல் நின்றது. மர்ரியின் தவறு என்ன? ஒன்றுமில்லை. அந்த சீசனில் அவர் அணி விட்டுக்கொடுத்த சராசரி 33 புள்ளி.

2019 எல்எஸ்யூவைப் பாருங்கள். குவாட்டர்பேக் ஜோ பர்ரோ 60 டச்டவுன் பாஸ் எறிந்தார், அப்போது அதுதான் சாதனை. ஆனால் இந்த அணியின் டிஃபென்ஸ் சராசரியாக விட்டது 22-க்கும் சற்றுக் கீழே. உலகத் தரம் இல்லை. நவம்பரில் அலபாமாவுக்கு 41, அடுத்த வாரம் ஓலே மிஸ்ஸுக்கு 37 என்று வாரிக் கொடுத்தார்கள். அப்புறம் விழித்துக்கொண்டார்கள். டெக்சஸ் ஏ அண்ட் எம் 7, ஜார்ஜியா 10. அரையிறுதியில் யார் வந்தது தெரியுமா? அதே ஓக்லஹோமா. 63-28. பர்ரோ முதல் பாதியிலேயே ஏழு டச்டவுன் பாஸ். டிஃபென்ஸ் சாதாரணமாக இருந்தால் போதும், மோசமாக இருக்கக் கூடாது. இதுதான் என் கட்சி. 2010-இல் ஆபர்ன் அணி ஆட்டத்துக்கு 24 புள்ளி விட்டும் பட்டம் வாங்கியதே என்பீர்கள். ஆமாம், அவர்களிடம் ஹைஸ்மன் வென்ற குவாட்டர்பேக் கேம் நியூட்டன் இருந்தார். உங்களிடம் ஒரு கேம் நியூட்டன் இருந்தால் இந்த வீடியோவே உங்களுக்குத் தேவையில்லை.

இந்த இடத்தில் ஒரு லைக் போட்டுவிடுங்கள், அடுத்தது ருசியான பகுதி.

2011 அலபாமாவின் தலைமை கோச் நிக் சேபன், டிஃபென்ஸிலேயே ஊறியவர். அவரே 2020-இல், நல்ல டிஃபென்ஸ் நல்ல அஃபென்ஸை வெல்லும் காலம் போய்விட்டது என்ற அர்த்தத்தில் பேசினார். அந்த ஆண்டு அவர் அணி அடித்தே பட்டம் வென்றது, இறுதி ஆட்டத்தில் 52-24. பிரையன்டின் ஊரிலேயே மதமாற்றம்!

அவரிடம் டிஃபென்ஸ் கோச்சாக இருந்த கெர்பி ஸ்மார்ட் மட்டும் மாறவில்லை. 9-6 ஆட்டத்தில் அலபாமா டிஃபென்ஸை நடத்தியவர் இவர்தான். ஜார்ஜியாவின் தலைமை கோச்சாகி, 2021-இல் ஆட்டத்துக்கு வெறும் 10 புள்ளி விடும் சுவர் ஒன்றைக் கட்டினார். நடுவில் நிற்பது ஜோர்டன் டேவிஸ். எடை 155 கிலோ. டிராஃப்டுக்கு முன்பு நடந்த சோதனையில் 40 யார்டை, அதாவது 36 மீட்டருக்கு மேல், 4.78 வினாடியில் ஓடினார். 155 கிலோ! நான் பஸ்ஸுக்கு ஓடும் வேகம் அதில் பாதி இருக்காது. அந்த டிஃபென்ஸிலிருந்து மட்டும் ஐந்து பேரை முதல் சுற்றிலேயே என்எஃப்எல் அணிகள் அள்ளிக்கொண்டு போயின.

இறுதி ஆட்டம், எதிரில் குரு சேபன். இடைவேளை ஸ்கோர் அலபாமா 9, ஜார்ஜியா 6. டச்டவுன் இல்லை. பத்து ஆண்டுக்குப் பிறகு அதே எண்கள்! முடிவு ஜார்ஜியா 33-18. ஆனால் கவனியுங்கள், அந்த 33-இல் 20 புள்ளி கடைசி குவார்ட்டரில் வந்தது. கீலி ரிங்கோ பாஸை மறித்துப் பிடித்து 79 யார்டு ஓடியது டிஃபென்ஸ் கணக்கு, மற்ற இரண்டு டச்டவுன் அஃபென்ஸ் கணக்கு.

இன்னும் சந்தேகமா? 2024 சீசனின் ஒஹாயோ ஸ்டேட். அரையிறுதியில் டெக்சஸ் 21-14 பின்தங்கி, ஒரு யார்டு தூரத்தில் பந்தோடு நிற்கிறது. தடுத்துத் தடுத்துப் பின்னுக்குத் தள்ளி, நான்காவது முயற்சியில் ஒஹாயோவின் ஜாக் சாயர் பாய்ந்து டெக்சஸ் குவாட்டர்பேக் குவின் ஈவர்ஸின் கையிலிருந்து பந்தைத் தட்டி, எடுத்துக்கொண்டு 83 யார்டு ஓடி டச்டவுன். ஈவர்ஸ் ஒஹாயோவில் இருந்தபோது இருவரும் ஒரே அறையில் தங்கியவர்கள். ரூம்மேட் பாவம் பார்க்கவில்லை. பத்து நாள் கழித்து இறுதி ஆட்டம், நோட்ர டேம் 23-31 என்று நெருங்கி வருகிறது. மூன்றாவது முயற்சி, இன்னும் 11 யார்டு வேண்டும். எல்லா கோச்சும் பயந்து முட்டச் சொல்லும் நேரம். ஒஹாயோவின் வில் ஹாவர்ட் தூக்கி எறிந்தார், ஜெரமையா ஸ்மித் பிடித்தார், 56 யார்டு. பட்டம்.

ஒரே அணி, ஒரு வாரம் டிஃபென்ஸ் காப்பாற்றியது, அடுத்த முறை அஃபென்ஸ். இதில் எந்த ஆட்டத்தை உங்கள் பக்கத்துக்குச் சாட்சியாக எடுப்பீர்கள்? கமெண்ட்டில் சண்டை போடுங்கள். "பிரையன்ட் சொல்லிவிட்டார்" என்று மட்டும் எழுதாதீர்கள், ஸ்கோரோடு வாருங்கள்.