பர்ச்சின்லீயும் பாம்பனும்: கட்டியவர்களுக்கென்று நின்ற ரயில்

(மண்டபத்தில் ஒரு கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, ரயில்வேயில் உழைத்து ஓய்வுபெற்ற பெரியோர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

பாம்பன் பாலம் என்றதும் நம்மூர்க் குழந்தைகூடச் சில செய்திகளைச் சொல்லிவிடும். 1914 பிப்ரவரி 24ஆம் தேதி திறக்கப்பட்டது; 145 கண்கள்; நடுவில் கப்பலுக்கு வழிவிடும் தூக்குப்பாலம்; 1964 டிசம்பர் புயல்; 46 நாளில் பாலத்தை மீட்டெடுத்த பொறியாளர் ஸ்ரீதரன். இவை அனைத்தும் உண்மை, பெருமைக்குரியவை. ஆனால் 1911 முதல் 1914 வரை இந்தக் கடலில் நின்று தூண் எழுப்பியவர்கள் எங்கே படுத்தார்கள், எங்கே சமைத்தார்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யாரிடம் கொண்டு போனார்கள் என்று எந்த மேடையிலும் யாரும் கேட்டதில்லை. இன்று நான் அதைக் கேட்க விரும்புகிறேன். அதற்கு முன்னால், ஏறக்குறைய அதே காலத்தில் இங்கிலாந்தில் கட்டுமானத் தொழிலாளர்களுக்காகவே அமைந்து, சில ஆண்டுகளில் மறைந்த ஒரு சிற்றூரையும் அதன் ரயில் நிறுத்தத்தையும் பற்றிச் சொல்ல வேண்டும்.

டெர்பிஷயர் மாவட்டத்தில் டெர்வென்ட் என்றோர் ஆறு மலைப்பள்ளத்தாக்கின் வழியே ஓடுகிறது. டெர்பி, நாட்டிங்காம், லெஸ்டர், ஷெஃபீல்டு ஆகிய தொழில் நகரங்களுக்குக் குடிநீர் கொடுப்பதற்காக 1899இல் டெர்வென்ட் பள்ளத்தாக்கு நீர்வாரியம் அமைக்கப்பட்டது. அந்த வாரியம் ஹௌடன், டெர்வென்ட் என்ற இரண்டு பெரிய கல்லணைகளைக் கட்டத் தொடங்கியது. அணைக்கு வேண்டிய கல், கிரிண்டில்ஃபோர்டு அருகிலிருந்த போல் ஹில் குவாரியிலிருந்து வந்தது. அங்கே வெட்டியெடுத்தது 12 லட்சம் டன்னுக்கும் மேல். இவ்வளவு கல்லை மாட்டு வண்டியிலோ குதிரை வண்டியிலோ ஏற்றி மலைக்குள் கொண்டுபோக முடியாது என்பதால், பாம்ஃபோர்டு என்ற ஊரிலிருந்து ஹௌடன் வரை சுமார் ஏழு மைல் நீளத்துக்கு வாரியமே தன் சொந்தச் செலவில் ரயில் பாதை போட்டது.

அந்தப் பாதையின் ஓரத்தில், ஆள் அரவமில்லாத மலைச்சரிவில், பர்ச்சின்லீ என்ற ஊரை வாரியம் புதிதாக உருவாக்கியது. வீடுகள் எல்லாம் நெளிதகரம் போர்த்தியவை. ஆகவே ‘டின் டவுன்’ என்ற பெயரும் அதற்கு வழங்கியது. வெளியே தகரம் என்றாலும், குளிர் தாங்குவதற்காக உள்ளே மரப்பலகை அடித்திருந்தார்கள். குடும்பங்களுக்குத் தனி வீடு. மணமாகாதவர்கள் ஒரு குடும்பத்தின் பொறுப்பிலிருந்த விடுதியில் தங்கினார்கள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, தபால் ஆபீஸ், கடைகள், பொதுக் குளியலறை, பொழுதுபோக்கு மண்டபம், போலீஸ் நிலையம் எல்லாம் இருந்தன. கூடவே ஒரு ரயில் நிலையமும் இருந்தது. ஜனத்தொகை மிகுந்திருந்த காலத்தில் சுமார் 900 பேர் அங்கே வாழ்ந்தார்கள்.

ஒரு நீர்வாரியம் கூலியாட்களுக்கு இவ்வளவும் செய்து கொடுத்ததற்குத் தருமச் சிந்தனை மட்டும் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னால், 1870களில், அதே நாட்டின் வடக்கே செட்டில்–கார்லைல் பாதையில் ரிபிள்ஹெட் என்னும் 24 வளைவுப் பாலத்தைக் கட்டியவர்கள் சேற்றுக்காட்டில் குடிசைகளில் கிடந்தார்கள். 1871இல் அங்கே பெரியம்மை பரவியது. விபத்திலும் நோயிலும் மாண்டுபோன தொழிலாளர்களும் அவர்களின் பெண்டு பிள்ளைகளுமாக 200க்கும் மேற்பட்டோர் சேப்பல்-லெ-டேல் என்ற சிறு தேவாலயத்தின் மயானத்தில் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். நோய் வந்தால் வேலை நிற்கும், வேலை நின்றால் அணை நிற்கும். போதாக்குறைக்குப் பர்ச்சின்லீக்காரர்கள் கட்டியது குடிதண்ணீர்த் தேக்கம் வேறு. அதனால் வேலை தேடிப் பர்ச்சின்லீக்கு வந்தவரை நேராக ஊருக்குள் விடவில்லை. எல்லையிலிருந்த தங்குமிடத்தில் நிறுத்தி, துணிமணிகளைக் கிருமி நீக்கம் செய்து, நோயில்லை என்று தெரிந்த பிறகே உள்ளே அனுமதித்தார்கள். காரணம் எதுவாயினும், அவர்களுக்கு நல்ல வீடு கிடைத்தது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடைத்தது. அதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

1912இல் ஹௌடன் அணை முடிந்தது. 1916இல் டெர்வென்ட் அணை முடிந்தது. வேலை குறையக் குறைய ஆட்கள் வெளியேறினார்கள், தகர வீடுகள் விற்கப்பட்டன, தண்டவாளம் பெயர்க்கப்பட்டது. அந்த வீடுகளில் ஒன்று ஹோப் என்ற பக்கத்து ஊருக்குப் போய் அழகு நிலையமாக இருந்துவருகிறது. ஊர் இருந்த சரிவில், வீடுகளுக்காகப் படிப்படியாகச் சமன்செய்த நிலத்தை மரங்களுக்கிடையே இப்போதும் காணலாம்.

இனி நம் கரைக்கு வருவோம். மதுரையிலிருந்து மண்டபம் வரை ரயில் வந்தது 1902இல். பாம்பனிலிருந்து ராமேஸ்வரம் வரை தீவுக்குள் தண்டவாளம் போட்டது 1906இல். நடுவில் கடல். மண்டபத்தில் இறங்கிப் படகேறி, பாம்பனில் மறுபடியும் ரயிலேற வேண்டிய காலம் அது. கடைக்கோடி ஸ்டேஷன் என்ற நிலை மண்டபத்துக்கு இருந்தது அந்தப் பன்னிரண்டு ஆண்டுகள்தான். பாலம் திறந்ததும் வழியில் வரும் ஊர்களில் ஒன்றாகிவிட்டது. அப்படியொரு நிலை மீண்டும் வரும் என்று நம்மில் யாரும் நினைத்திருக்க மாட்டோம். 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நிறுத்தப்பட்டபோது, ராமேஸ்வரம் வண்டிகள் மண்டபத்திலும் ராமநாதபுரத்திலும் நின்றுவிட, யாத்திரிகர்கள் மூட்டை முடிச்சோடு பஸ் ஏறி சாலைப் பாலம் வழியாகப் போனதை இங்கிருப்பவர்கள் எல்லோரும் கண்ணால் பார்த்தீர்கள். 2025 ஏப்ரல் 6ஆம் தேதி புதுப் பாலம் திறக்கும் வரை அது நீடித்தது.

பழைய தூக்குப்பாலத்தின் அருகில் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கப்பல் வந்தால், இரண்டு இறக்கைகளையும் மேலே தூக்கியவை மோட்டார்கள் அல்ல. ஆட்கள் இருபுறமும் நின்று, இரும்புக் கைப்பிடிகளைத் தள்ளிச் சுற்றிச் சுற்றி, பற்சக்கரங்களைத் திருப்பி, கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினார்கள். உப்புக்காற்றில் அந்த இரும்பு ஓயாமல் துருப்பிடிக்கும். ஓயாமல் சுரண்டி ஓயாமல் பெயிண்ட் அடிக்க வேண்டும். நூறாண்டுக்கும் மேலாக இந்தப் பாலம் நின்றதற்கு தூக்குப்பாலத்தின் ‘ஷெர்சர்’ வகை வடிவமைப்பு ஒரு காரணம் என்றால், இந்தக் கைகள் மற்றொரு காரணம். எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகப் படுகிறது.

பர்ச்சின்லீயின் எல்லையில் ஆட்களை நிறுத்திச் சோதித்ததைச் சொன்னேன். அதே போன்ற சோதனை நம் மண்டபம் கேம்ப்பிலும் நடந்தது. இலங்கைத் தோட்டங்களுக்கு, ஆள் சேர்த்துக் கூட்டிப்போகும் கங்காணியோடு புறப்பட்ட தென்மாவட்டக் குடும்பங்கள் இங்கே நோய்த்தடுப்பு முகாமில் தங்கவைக்கப்பட்டு, பிறகு தனுஷ்கோடிக்கு ரயிலிலும் அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலிலுமாகப் போனார்கள். சோதனை முடிந்த பிறகு பர்ச்சின்லீத் தொழிலாளிக்கு மரப்பலகை அடித்த வீடு காத்திருந்தது. நம்மவருக்குக் காத்திருந்தது லயத்துக் காம்பரா, அதாவது தோட்டத்து வரிசை வீட்டில் ஓர் அறை. தொற்றுநோயைப் பற்றிய அறிவு இரண்டு இடத்திலும் ஒன்றுதான். தொழிலாளியைப் பற்றிய மதிப்பு ஒன்றாக இல்லை. இதைச் சொல்வதில் எனக்கு மனவருத்தம் உண்டு, தயக்கம் இல்லை.

கட்டுமானத்துக்கென்று அமையும் நிறுத்தம் மற்ற ஸ்டேஷன்களைப் போன்றதன்று. உச்சிப்புளியோ வாலாந்தரவையோ ஊர் இருந்ததால் வந்தவை. ஊர் இருக்கும்வரை பெயர்ப்பலகையும் இருக்கும். தொழிலாளருக்கான நிறுத்தமோ வேலை இருந்ததால் வந்தது. பழைய கட்டைகளை அடுக்கி மண் நிரப்பினால் மேடை தயார். காலையில் ஆளை இறக்கும், மாலையில் ஏற்றும். பொதுமக்களின் கால அட்டவணையில் அதற்கு இடமில்லை. வேலை முடிந்த மாதமே அது காடாகிவிடும். பர்ச்சின்லீ இன்றும் பேசப்படுகிறதென்றால், அங்கே பிறந்து படித்த பிள்ளைகள் வயதான பிறகும் அதை நினைவில் வைத்துச் சொன்னதும், கேட்டவர்கள் எழுதி வைத்ததும், போட்டோக்களைப் பாதுகாத்ததும்தான் காரணம்.

அந்த வேலையை நாம் இங்கே தொடங்க வேண்டும். கேங்மேனாக, கலாசியாக, பெயிண்டராகப் பாலத்தில் வேலை செய்தவர்களின் குடும்பங்கள் மண்டபத்திலும் பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் உண்டு. புயலுக்குப் பிறகு கடலுக்குள் விழுந்த கர்டர்களை, அதாவது பாலத்தின் இரும்பு உத்தரங்களை, மீட்டதைப் பார்த்தவர்கள் இன்னும் சிலராவது இருக்கிறார்கள். அவர்களிடம் உட்கார்ந்து, எந்த இடத்தில் கொட்டகை இருந்தது, தண்ணீர் எங்கிருந்து வந்தது, கூலி எந்தக் கிழமை கொடுத்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, ஊர்ப்பெயரும் ஆள் பெயருமாக எழுத வேண்டும். புதுப் பாலத்தில் வேலை செய்தவர்களில் பலர் வடமாநிலத்துப் பிள்ளைகள். அவர்கள் நம் தெருக்களில் தங்கி நம் கடைகளில் சாப்பிட்டவர்கள். அவர்கள் பெயரும் அந்த நோட்டில் இருக்க வேண்டும். கூட்டம் முடிந்ததும் முன்வரிசைப் பெரியவர்களிடமிருந்தே ஆரம்பிக்கலாம். மாணவர்கள் பேனாவோடு வாருங்கள்.